பூட்டிய தோட்டமும் நட்டநடுத் தூணும்: லண்டன் பெட்ஃபோர்ட் சதுக்கம்

தேம்ஸ்கரை (மார்ச் 3)

ஆபீஸ் இடம் மாறி ஆறு மாதமாகிறது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பெட்ஃபோர்ட் சதுக்கத்துக்குப் போவது பழக்கமாகிவிட்டது. போவது என்றால் வெளியே நிற்பது. நடுவில் முட்டை வடிவத்தில் பெரிய தோட்டம், சுற்றிலும் கறுப்பு இரும்புக் கிராதி, கேட்டில் பூட்டு. பிளேன் மரங்கள் நாலு மாடி உயரத்துக்கு நிற்கின்றன. புல் அழகாக வெட்டியிருக்கிறது. உள்ளே ஒரு ஈ காக்காய் கிடையாது. நான் கிராதியில் சாய்ந்துகொண்டு தயிர்சாதம் சாப்பிடுகிறேன்.

நான் கட்டடம் தெரிந்தவன் இல்லை, கணக்குப் பார்க்கிறவன். ஆனால் தினமும் பார்த்ததில் ஒன்று உறுத்துகிறது. நாலு பக்கமும் செங்கல் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் மட்டும் வெளிறிய சாந்துப் பூச்சு, மேலே முக்கோண முகடு, சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். தெற்கு வரிசையில் எண்ணிப் பார்த்தேன், ஐந்து தூண். அப்படியென்றால் முக்கோணத்தின் உச்சிக்கு நேர் கீழே ஒரு தூண் வருகிறது. கர்ப்பக்கிருகத்துக்கு நேரெதிரே நட்டநடுவில் தூணை நட்ட மாதிரி. இது தெரிந்து செய்ததா, தப்பா? அப்புறம், இந்தத் தோட்டம் யாருடையது? ஏன் பூட்டு?

கொத்தனார் மகன் (மார்ச் 3)

நல்ல கண் உங்களுக்கு. அது தப்புதான். கட்டடக்கலை படித்தவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டும் தப்பு. தூண் வரிசை என்றால் நடுவில் இடைவெளிதான் வர வேண்டும். வாசலோ ஜன்னலோ இருக்க வேண்டிய இடம் அது. வடக்கு வரிசையையும் எண்ணிப் பாருங்கள், அங்கேயும் ஐந்து.

காரணம் எளிது. கிழக்கிலும் மேற்கிலும் நடுவில் இருப்பது ஒரே வீடு, அதனால் சிக்கல் இல்லை. வடக்கிலும் தெற்கிலும் நடுவில் இருப்பது இரண்டு வீடுகள். இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய வீடு போல வேஷம் போடுகின்றன. பொதுச்சுவர் சரியாக நடுவில் விழுகிறது. அந்த இடத்தில் ஜன்னல் திறக்க முடியாது, அதனால் தூணை ஒட்டிவிட்டார்கள்.

இந்தச் சதுக்கத்தின் சூட்சுமமே அந்தத் தூணில்தான் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் நாலு பக்கமும் நாலு அரண்மனை. நடுவில் தலைவாசல், இரண்டு பக்கமும் நீண்ட சிறகுகள். கிட்டே போனால் அரண்மனையும் இல்லை ஒன்றும் இல்லை, ஐம்பதுக்கு மேற்பட்ட தனித்தனி வீடுகள். லாபத்துக்காகக் கட்டி விற்றவை. இன்றைய பாஷையில் சொன்னால் ரியல் எஸ்டேட்.

1775-இல் தொடங்கி 1783 வாக்கில் முடித்தார்கள். நிலம் பெட்ஃபோர்ட் டியூக் குடும்பத்துடையது. நான்காவது டியூக் 1771-இல் இறந்தபோது வாரிசான பேரனுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. பாட்டி கெர்ட்ரூடும் தர்மகர்த்தாக்களும்தான் பொறுப்பு, நிலத்தைக் கவனித்த ஏஜென்ட் ராபர்ட் பாமர். கட்டியவர்கள் வில்லியம் ஸ்காட், ராபர்ட் குரூஸ் என்ற இரண்டு கட்டுமானக்காரர்கள். தாமஸ் லெவர்டன் என்ற கட்டடக்கலைஞர் 13-ஆம் எண் வீட்டில் குடியிருந்தார். 1-ஆம் எண் வீட்டின் வேலைப்பாட்டை அவர் பெயரில்தான் சொல்வார்கள். அது மற்ற வீடுகளோடு சேராமல் சற்றே தனித்து நிற்கும், அடுத்த முறை பாருங்கள்.

மாடவீதி (மார்ச் 4)

ஒரு சந்தேகம். நிலம் டியூக் குடும்பத்துடையது என்கிறீர்கள், ஆனால் கட்டியது வேறு ஆள். அப்படியென்றால் நம் ஊர்க் கோயில் அடிமனை மாதிரியா? எங்கள் தாத்தா வீடு அப்படித்தான் இருந்தது. வீடு எங்களுடையது, மனை சுவாமியுடையது. மாதாமாதம் அடிமனை வாடகை. பாட்டி அதைப் "பெருமாளுக்குக் கட்டுவது" என்றுதான் சொல்வாள், வாடகை என்று வாயில் வராது.

கொத்தனார் மகன் (மார்ச் 4)

அதேதான் அக்கா, இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஒரு வித்தியாசம் மட்டும். இங்கே குத்தகை 99 வருடம். முடிந்த அன்று மனை மட்டுமல்ல, மேலே நிற்கும் வீடும் டியூக் குடும்பத்துக்குப் போய்விடும். கட்டியவர் கட்டியதுதான்.

நடைமுறை இப்படி. ஒரு கட்டுமானக்காரர் மனையைக் குத்தகைக்கு எடுப்பார். முதல் ஒன்றிரண்டு வருடம் பெயருக்கு ஒரு மிளகு வாடகை. உண்மையாகவே பத்திரத்தில் "ஒரு மிளகு" என்றுதான் எழுதுவார்கள். அதற்குள் அவர் செங்கல் கூட்டை எழுப்பி, கூரை போட்டு, மீதிக் குத்தகையை யாராவது வக்கீலுக்கோ வியாபாரிக்கோ விற்றுவிட வேண்டும். விற்றவுடன் கடன் அடைந்து லாபம் கையில் நிற்கும். விற்கவில்லை என்றால் திவால். நிறையப் பேர் திவாலானார்கள்.

டியூக் தரப்புக்கோ ஒரு செங்கல் செலவில்லை. ஆனால் எப்படிக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடும் உரிமை கையில் இருக்கிறது. முகப்பு இந்த வரைபடம், உயரம் இவ்வளவு, கடை வைக்கக்கூடாது. 99 வருடம் கழித்துத் தன் பேரனின் பேரன் கைக்கு வரப்போகும் வீடு ஆயிற்றே, தரம் பார்க்காமல் இருப்பார்களா? லண்டனில் நாலு பக்கமும் ஒரே வரைபடத்துக்கு அடங்கி எழுந்த முதல் தோட்டச் சதுக்கம் இதுதான். ப்ளூம்ஸ்பரியில் முழுசாக மிஞ்சி நிற்பதும் இது ஒன்றுதான்.

வைகைக்கரை (மார்ச் 4)

எல்லாம் சரி. கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே. ஏன் பூட்டு? நகரத்துக்கு நடுவில் அவ்வளவு பெரிய இடம், உள்ளே ஆள் இல்லை, வெளியே ஒருத்தர் கிராதியில் சாய்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறார். ஜமீன்தார் புத்தி என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். இருநூற்றைம்பது வருடம் கழித்தும் அந்தப் புத்தியை "பாரம்பரியம்" என்று பாதுகாக்கிறார்கள், அவ்வளவுதான்.

நூலகப்பூச்சி (மார்ச் 5)

வைகைக்கரை அண்ணா, ஜமீன்தார் புத்திதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டுக்கு ஒரு கதை உண்டு. நான் படிப்பது பக்கத்துத் தெருவில், கொஞ்சம் சொல்கிறேன்.

இதே பெட்ஃபோர்ட் குடும்பம் 1630-களில் கோவென்ட் கார்டனில் ஒரு சதுக்கம் கட்டியது. இனிகோ ஜோன்ஸ் வரைந்தது. இத்தாலிய நகர மைதானம் போலத் திறந்த வெளி, வேலி கிடையாது, தோட்டமும் கிடையாது. பெரிய மனிதர்கள் குடிவந்தார்கள். திறந்த வெளி என்றால் என்ன வரும்? காய்கறிக்காரர்கள் வந்தார்கள். 1670-இல் குடும்பமே ராஜாவிடம் சந்தைக்கு அனுமதிப் பட்டயம் வாங்கிவிட்டது, சந்தை வருமானம் கசக்குமா? முட்டைக்கோஸ் இலையும் வண்டிச் சத்தமும் பொறுக்காமல் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக மேற்கே கிளம்பினார்கள்.

மற்ற சதுக்கங்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தைச் சுற்றி இருந்தவர்கள் பிரபுக்கள், ஆனால் நடுவில் குப்பைமேடு. அக்கம்பக்கமே கொண்டுவந்து கொட்டியது. கடைசியில் 1726-இல் குடியிருப்பவர்கள் பார்லிமென்டில் ஒரு சட்டம் வாங்கி, தங்களுக்குள் வரி போட்டு, இடத்தைச் சுத்தம் செய்து வேலியடைத்தார்கள். லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்தில் நீதிபதி ஜோசப் ஜெக்கில் கீழே தள்ளப்பட்டு மிதிபட்டார் என்று ஒரு கதை. 1735-இல் அதற்கும் ஒரு சட்டம், அதற்கும் வேலி. ஒவ்வொரு பூட்டுக்கும் பின்னால் ஒரு குப்பைமேடோ ஒரு அடிதடியோ இருக்கிறது.

1775-இல் பெட்ஃபோர்ட் குடும்பம் மறுபடி சதுக்கம் கட்டியபோது சந்தை வைக்கவில்லை, கடை வைக்கவில்லை, நடுவில் தோட்டம் போட்டுச் சாவி கொடுத்தது. கோவென்ட் கார்டனில் பட்ட சூடு.

வைகைக்கரை (மார்ச் 5)

குப்பை கொட்டினார்கள், அதனால் பூட்டினோம் என்பது நம் ஊர் முனிசிபாலிட்டி பார்க்கிலும் எழுதி வைத்திருக்கும் வாசகம்தான் தங்கச்சி. பூட்டியவன் யார், வெளியே நின்றவன் யார் என்பதைத்தான் கேட்கிறேன்.

வடமராட்சி (மார்ச் 6)

வெளியே நின்றவன் நான்தான் தம்பி.

1985-இல் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த அடுத்த வருடமே அந்தச் சதுக்கத்தில் ஒரு கந்தோரில் துப்புரவு வேலை. பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் அங்கே புத்தகம் போடுகிற கம்பனிகள் கன இருந்தன, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்குப் போனால் எட்டுக்குள் முடிக்க வேண்டும். கொத்தனார் மகன் முகப்பைப் பற்றிச் சொன்னார். நான் படியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் முழங்கால் இன்றைக்கும் அதைத்தான் நினைவு வைத்திருக்கிறது.

அடியில் நிலவறை. கல் பாவிய தரை, குளிர் காலுக்குள்ளால் ஏறும். பழைய குசினி அங்கேதான். அதற்கு மேலே வாசல் தளம். அடுத்தது முதல் மாடி. அங்கே யன்னல் தரையிலிருந்து தொடங்கும், முகட்டில் சாந்தினால் பூவும் கொடியும், நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே குப்பைக்கூடையைக் கவிழ்த்த நாட்கள் உண்டு. அதுவரைக்கும் படி கல்லு, அகலம், வழுவழுவென்று இருக்கும் கைபிடி. இரண்டாம் மாடியில் அறை சிறுக்கும். அதற்கு மேலே ஏறினால் படி மரமாகிவிடும், ஒடுங்கும், வளைவில் வாக்குவம் கிளீனர் மாட்டிக்கொள்ளும். உச்சியில் கூரைக்குக் கீழே சின்ன அறைகள், நான் கையை உயர்த்தினால் முகடு தட்டும். அங்கேதான் அந்தக் காலத்து வேலைக்காரப் பெண்கள் படுத்தார்களாம். தண்ணீரும் கரியும் எல்லா மாடிக்கும் தூக்கினதும் அவர்கள்தான்.

வெளியில் நின்று பார்த்தால் யன்னல் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டு போவது வடிவாகத்தான் இருக்கும். உள்ளே அதற்கு அர்த்தம் வேறு.

தோட்டத்துச் சாவி வரவேற்பு மேசையின் இழுப்பறையில் ஒரு மரக்கட்டையில் கட்டிக் கிடந்தது. வெயில் நாளில் பதிப்பாசிரியர் ஆக்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருநாள் வேலை முடிந்து, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, அரை மணித்தியாலம் உள்ளே இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். "அது ஊழியர்களுக்கு" என்றார்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

மாடவீதி (மார்ச் 6)

ஐயா, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

தேம்ஸ்கரை (மார்ச் 6)

எனக்கும்தான். இன்றைக்கு மதியம் ஜன்னல்களை மட்டும் பார்த்தேன். முதல் மாடி ஜன்னல் என்னைவிட உயரம், உச்சி ஜன்னல் ஒரு கேரம் போர்டு அளவு இருந்தால் அதிகம்.

கொத்தனார் மகன் (மார்ச் 8)

வடமராட்சி ஐயா சொன்ன படி வித்தியாசம் அச்சு அசல். கல் படி எங்கே முடிகிறதோ அங்கே விருந்தாளியின் எல்லை முடிகிறது. நான் வேலைக்குப் போகும் வீடுகளில் எந்த மாடிவரை சொந்தக்காரர் காசைக் கொட்டினார் என்பதைக் கதவுச் சட்டத்தின் பலகையைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சில விஷயங்கள் அழகுக்காகச் செய்ததல்ல, சட்டம் சொன்னது. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் கட்டட விதிகள் இறுகிக்கொண்டே வந்தன. இந்தச் சதுக்கம் தொடங்குவதற்கு முந்தைய வருடம், 1774-இல், ஒரு பெரிய சட்டம். வீடுகளை முதல் தரம், இரண்டாம் தரம் என்று மதிப்பையும் தரைப் பரப்பையும் வைத்துப் பிரித்தது. 850 பவுண்டுக்கு மேல் மதிப்பு, 900 சதுர அடிக்கு மேல் பரப்பு என்றால் முதல் தரம். அதற்கேற்ற சுவர்க் கனம். ஜன்னலின் மரப்பெட்டி வெளியே தெரியக்கூடாது, செங்கலுக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தீ தாவும். அதனால்தான் இந்த ஜன்னல்கள் சுவரில் குழிந்து, மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் தெரிகிற மாதிரி இருக்கின்றன. அழகு என்று நாம் நினைப்பதில் பாதி தீயணைப்பு விதி. கூரைக்கு மேலே சுவர் துருத்திக்கொண்டு நிற்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

வாசல்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். கதவுக்கு மேலே விசிறி மாதிரிக் கண்ணாடி. அதைச் சுற்றி வளைவில் ஒரு கல் விட்டு ஒரு கல், கறையான் அரித்தது போலப் புழுத்தடம் ஓடும். உச்சியில் தாடி வைத்த ஒரு முகம். பத்து வாசல் நடந்து பாருங்கள், அதே தாடி, அதே மூக்கு. சிற்பி செதுக்கியிருந்தால் அப்படி வராது. அது கல்லே இல்லை, அச்சில் வார்த்துச் சுட்ட மண். கோட் கல் என்று பெயர். எலினார் கோட் என்ற பெண்மணி 1769-இல் லேம்பெத்தில், தேம்ஸுக்குத் தெற்கே, பட்டறை எடுத்து நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஆனாலும் தொழில் மரியாதைக்கு "மிஸஸ் கோட்". 1821-இல் இறக்கும்வரை அவர் கையில்தான் பட்டறை.

என் அப்பா கொத்தனார் என்பதால் இந்தக் கலவைமேல் எனக்குத் தனி ஆசை. பச்சைக் களிமண்ணில், ஏற்கனவே சுட்டுப் பொடித்த மண், சிக்கிமுக்கித் தூள், மணல், கண்ணாடித் தூள் சேர்ப்பார்கள். சுட்ட பொடி கலந்திருப்பதால் சூளையில் சுருக்கம் குறையும், முகம் கோணாது. 1100 டிகிரிக்கு மேல் நாலு நாள் சூளை. ரகசியம் அவரோடு போய்விட்டது என்று ரொம்ப நாள் கதை கட்டினார்கள். ஆராய்ந்து பார்த்தால் மந்திரம் ஒன்றுமில்லை, சூளைக்காரரின் பொறுமைதான். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்து மூலையில் ஒரு பெரிய வெள்ளைச் சிங்கம் நிற்கிறதே, 1837-இல் செய்தது, அதுவும் கோட் கல்தான். லண்டன் புகையிலும் மழையிலும் நிஜக் கல் சிற்பங்கள் மூக்கை இழந்தன. இந்தத் தாடிக்காரர்களுக்கு இன்றும் மூக்கு இருக்கிறது.

செங்கல்லின் இடுக்கையும் பாருங்கள். சில வீடுகளில் பாயிண்டிங் நூல் பிடித்த மாதிரி இருக்கும். செங்கல் நிறத்திலேயே கலவை பூசி இடுக்கை மறைத்துவிட்டு, அதற்கு மேல் மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு ஒன்றை ஒட்டுவார்கள். கோணல்மாணலான செங்கல் அளவெடுத்து அறுத்தது போலத் தெரியும். முகப்பே வேஷம் என்றேன் இல்லையா? கோடும் வேஷம்தான்.

தேம்ஸ்கரை (மார்ச் 9)

தாடிக்காரர்களைப் பார்த்துவிட்டேன். ஒருத்தர்மேல் புறா உட்கார்ந்திருந்தது. அப்புறம் வாசலுக்கு எதிரே நடைபாதையில் வட்டமாக ஒரு இரும்புத் தட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கொஞ்சம் பெரியது, மேலே புடைப்பாகப் பூ வேலை. சாக்கடை மூடியா?

கொத்தனார் மகன் (மார்ச் 9)

கரி ஓட்டை. நீங்கள் நிற்கும் நடைபாதைக்கு அடியில் வீட்டுக்காரரின் கரி அறை இருக்கிறது. கரிக்காரர் வீட்டுக்குள் காலே வைக்காமல் மூட்டையை ஓட்டையில் கவிழ்த்துவிட்டுப் போய்விடலாம். திருடன் நுழைய முடியாத அளவு வட்டம், மூடியை உள்ளேயிருந்து சங்கிலியால் கட்டிவிடுவார்கள். பூ வேலை அழகுக்காக மட்டுமல்ல, மழையில் வழுக்காமல் இருக்கவும்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அறை தோண்டியது அல்ல. வீட்டுக்கு அஸ்திவாரம் எடுத்த மண்ணைக் கொண்டுபோய்த் தெருவில் கொட்டித் தெருவை உயர்த்திவிடுவார்கள். அதனால் முன்பக்கம் நிலவறை மாதிரித் தெரியும் தளம், பின்பக்கம் போனால் ஏறத்தாழத் தரைமட்டம். தெருவே ஒரு மேடை.

வைகைக்கரை (மார்ச் 10)

கரி கொண்டுவந்தவனும் உள்ளே வரக்கூடாது, சுத்தம் செய்தவரும் தோட்டத்துக்குள் வரக்கூடாது. நன்றாக இருக்கிறது கட்டடக்கலை. மக்கள் யாரும் எதுவும் கேட்கவில்லையா?

நூலகப்பூச்சி (மார்ச் 11)

கேட்டார்கள் அண்ணா, கல்லாலேயே கேட்டார்கள்.

6-ஆம் எண், கிழக்கு வரிசையின் நடு வீடு. அங்கே குடியிருந்தவர் எல்டன் பிரபு, நாட்டின் தலைமை நீதிப் பதவியான லார்ட் சான்ஸலர். 1815 மார்ச்சில் தானியச் சட்டம் வருகிறது. வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்து நிலக்கிழார்களுக்கு விலையைத் தூக்கிப் பிடிக்கும் சட்டம். ரொட்டி விலை ஏறும் என்று லண்டனே கொந்தளித்தது. கூட்டம் அவர் வீட்டைத் தாக்கியது. எல்டன் குடும்பத்தோடு பின்பக்கமாகத் தப்பி மியூசியத்துக்குள் போய்விட்டார், அங்கே காவலுக்குச் சிப்பாய்கள் இருந்தார்கள். முகப்பில் முக்கோணம், தூண் எல்லாம் இருந்தும் அன்றைக்கு உதவியது கொல்லைப்புறம்தான்.

தோட்டப் பூட்டு மட்டுமில்லை. இந்த எஸ்டேட்டின் தெருக்களுக்கே கேட் போட்டுக் காவல்காரர் வைத்திருந்தார்கள், வண்டிகள் குறுக்கே போகக்கூடாது என்று. ஊரார் பல வருடம் மனுப் போட்டுப் போட்டு, பார்லிமென்ட் சட்டம் போட்ட பிறகுதான் 1893-இல் கடைசி கேட்கள் போயின.

அதே சதுக்கத்தில் வேறு ஆட்களும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். 49-ஆம் எண் சுவரில் ராம் மோகன் ராய் பெயரில் நீலப் பலகை இருக்கிறது. 1831-இல் இங்கிலாந்து வந்தவர், கல்கத்தாவில் பள்ளிகள் தொடங்கிய டேவிட் ஹேரின் குடும்பத்தோடு இந்தச் சதுக்கத்தில் தங்கினார். உடன்கட்டைத் தடையை எதிர்த்து வைதிகர்கள் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குக் கொண்டுவந்த மேல்முறையீடு 1832-இல் தள்ளுபடி ஆனபோது அவர் இந்த நாட்டில்தான் இருந்தார். அடுத்த வருடம் பிரிஸ்டலில் காலமானார். 1849-இல் 47-ஆம் எண் வீட்டில் எலிசபெத் ஜெசர் ரீட் என்ற விதவை பெண்களுக்கு ஒரு உயர்கல்விக் கல்லூரி தொடங்கினார், பெட்ஃபோர்ட் கல்லூரி என்று பெயர். 11-ஆம் எண்ணில் பூமியின் எடையை அளந்த கேவென்டிஷ். அவருடைய நூலகத்திலிருந்து தன் புத்தகத்தைத் தானே எடுத்தாலும் ரசீது எழுதி வைப்பாராம். எனக்கு இந்தச் சதுக்கத்தில் மிகவும் பிடித்த ஆள்.

வைகைக்கரை (மார்ச் 11)

சரி, ரசீது மனிதரை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கேட்டை எடுத்தவர்கள் பூட்டை ஏன் எடுக்கவில்லை?

நூலகப்பூச்சி (மார்ச் 12)

இங்கேதான் நானே குழம்புகிறேன். 1920-களில் லண்டனில் நில விலை ஏறியதும், தோட்டச் சொந்தக்காரர்கள் விற்கத் தொடங்கினார்கள். யூஸ்டன் சாலையில் என்ட்ஸ்லி தோட்டம் போனது, அங்கே குவேக்கர்களின் தலைமைக் கட்டடம் எழுந்தது. மார்னிங்டன் கிரெசென்ட் தோட்டத்தின் மேல் 1928-இல் ஒரு பிரம்மாண்டமான சிகரெட் ஃபேக்டரி. எதிரே குடியிருந்தவர்கள் ஒருநாள் மரத்தைப் பார்த்தார்கள், மறுநாள் சுவரைப் பார்த்தார்கள். கூச்சல் எழுந்து, விசாரணைக் கமிஷன் வந்து, 1931-இல் லண்டன் சதுக்கப் பாதுகாப்புச் சட்டம். 461 இடங்களைப் பட்டியல் போட்டது. தோட்டம் தோட்டமாகவே இருக்க வேண்டும், ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் தவிர வேறு எதுவும் கட்டக்கூடாது. ஆனால் திறந்துவிட வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

அதாவது நகரமே சேர்ந்து காப்பாற்றியது, ஆனால் சாவி பழைய கையிலேயே இருக்கிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. அதே சமயம், பக்கத்திலேயே ரஸ்ஸல் சதுக்கம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. தயிர்சாதம் அங்கே சாப்பிடலாம் அண்ணா, பெஞ்சும் உண்டு.

கொத்தனார் மகன் (மார்ச் 12)

என் கட்சி வேறு. பூட்டு இருந்ததால்தான் தோட்டம் மிஞ்சியது என்று சிலர் சொல்வார்கள், அது பொய். மார்னிங்டன் கிரெசென்டிலும் பூட்டு இருந்தது. பூட்டின் சாவி யாரிடமோ, விற்கும் உரிமையும் அவரிடம். காப்பாற்றியது சட்டம்தான். அதனால் பூட்டுக்கு நன்றி சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பூட்டைக் கழற்றினால் ஐம்பது வருடத்தில் மரம் போய்விடும் என்ற பயமும் அர்த்தமில்லாதது. ரஸ்ஸல் சதுக்கத்து மரங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

வைகைக்கரை (மார்ச் 12)

அப்பாடா. ஒருத்தராவது சொன்னீர்களே.

தேம்ஸ்கரை (மார்ச் 13)

ஒரு தகவல். வருடத்தில் ஒரு வாரக்கடைசி, ஜூன் மாதம், லண்டனில் பூட்டிய தோட்டங்கள் பலவற்றைப் பொதுமக்களுக்குத் திறக்கிறார்களாம். 1998-இலிருந்து நடக்கிறது. டிக்கெட் வாங்க வேண்டும். பட்டியலில் பெட்ஃபோர்ட் வந்தால் நான் போகப்போகிறேன். வடமராட்சி ஐயா, வருகிறீர்களா? டிக்கெட் என் பொறுப்பு.

வடமராட்சி (மார்ச் 14)

முழங்காலைக் கேட்டுச் சொல்கிறேன்.

வடமராட்சி (ஜூன் மாதம், ஞாயிறு இரவு)

போனோம். தேம்ஸ்கரைத் தம்பி எழுதச் சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

கேட்டில் ஒரு பிள்ளை டிக்கெட்டைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள், பெயர்கூடக் கேட்கவில்லை. சரளைப் பாதை, ஓரமெல்லாம் செடிப் புதர், நடுவில் புல். பிளேன் மரத்துப் பட்டை சோளப்பொரி போல உரிந்து கீழே கிடந்தது. புகை மண்டிய பட்டையை இப்படி உதிர்த்துவிட்டுத்தான் இந்த மரம் லண்டன் புகையில் தாக்குப்பிடித்தது என்று தம்பி வாசித்துச் சொன்னார். ஒரு பெஞ்சில் இருந்தோம். மனிசி கட்டித் தந்த றொட்டியும் சம்பலும் தம்பியின் தயிர்சாதமும்.

எனக்கு அந்தக் கந்தோர் யன்னலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. உச்சி மாடியில், கை தட்டும் முகட்டுக்குக் கீழே, நான் புழுதி துடைத்த யன்னல். எழும்பி நின்று பார்த்தேன், இருந்து பார்த்தேன், தெரியவில்லை. இலை. ஜூன் மாதத்து இலை எல்லாவற்றையும் மூடிவிட்டது. உங்கள் நட்டநடுத் தூணும் தெரியவில்லை, முக்கோணமும் தெரியவில்லை. உள்ளே இருந்தால் அரண்மனையே இல்லை, பச்சை மட்டும்தான். பழைய நாளில் சதுக்கத் தோட்டங்களில் புல்லும் குட்டைச் செடியும்தான் வைப்பார்களாம், அப்போது எதிர் வரிசை முழுசாகத் தெரிந்திருக்கும்.

வெளியே வந்து கிராதிப் பக்கம் நின்றபோதுதான் ஒரு கிளைக்கு நடுவால் அந்த யன்னல் தெரிந்தது. பெயின்ட் உரிந்திருக்கிறது.

கொத்தனார் மகன் (திங்கள்)

எந்த எண் ஐயா? பெயின்ட் உரிந்தால் மரப்பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். நான் போகிற வழிதான், பார்த்துவிட்டு வருகிறேன்.